எல்லைக்கல் வரை

என் கணவர் ஓட ஆரம்பித்ததே என்னால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் ஊரில் சொல்கிற கதையில் இது வராது.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். முப்பத்தைந்து வயதில், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். நடந்தேன். கூட நடக்கிற பெண்களிடம் மாமியார் கதையும் மருமகள் கதையும் கேட்டு அலுத்துப்போய், அவர்களை விட்டுத் தப்பிப்பதற்காகவே ஒருநாள் கொஞ்ச தூரம் ஓடினேன். விலா குத்தியது, மூச்சு இரைத்தது, ஆனால் நிற்கத் தோன்றவில்லை. படித்த காலத்தில் ஜில்லா அளவில் ஓடியவள் நான். அதைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தார். நானும் சொல்லவில்லை.

நாகமலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்தில் ஓடுகிற ஒரு கூட்டம் இருந்தது. பல் டாக்டர் ஒருவர், வக்கீல் ஒருவர், டைல்ஸ் கடை வைத்திருப்பவர், கல்லூரியில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர். அவர்கள் அதை ட்ரெயில் ரன்னிங் என்றார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் காலங்காலமாகப் போய்வருகிற ஒற்றையடிப் பாதையில் விலை உயர்ந்த ஷூ மாட்டிக்கொண்டு போனால் அதற்கு இப்படி ஒரு பேர். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் ஒருமுறை ஓடிப் பார்த்தபின் தார் ரோட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை.

"ஆம்பளைகளோட சேந்து காட்டுக்குள்ள ஓடப் போறேங்கிற. நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார் கணவர்.

"பேசுற நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க, சேந்து ஓடுவோம்" என்றேன்.

நாலு பேர் வரவில்லை, அவர் வந்தார். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போட்டிருந்த காலம் அது. முதல் மாதம் முக்கால்வாசி நடந்தார். பிறகு கையில் ஒரு வாட்ச் வாங்கிக் கட்டினார், பையில் எலுமிச்சை உப்புத் தண்ணீர், தலைக்கு ஒரு துணிப்பட்டை. எல்லாம் வாங்கியும் என் பின்னால்தான் வந்தார். "பாம்பு கீம்பு கெடக்கும். இவளை முன்னாடி விட்டுட்டு நான் காவலுக்குப் பின்னாடி வாரேன்" என்று கூட்டத்தாரிடம் சொல்லுவார். காவலுக்கு வருகிறவருக்கு ஏன் இப்படி நாக்குத் தள்ளுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டே முன்னால் ஓடினேன்.

அந்தப் பாறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ்ஸிலிருந்து பார்த்தால் மதுரைப் பக்கத்து மலைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கிட்டே போய்க் கால் வைத்தால்தான் அவற்றின் நிறங்கள் தெரியும். காலை வெயில் படுகிற பக்கம் கல் இளஞ்சிவப்பாக இருக்கும். மழைத் தண்ணீர் வழிந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. நடுவில் பட்டை பட்டையாக வெள்ளைக்கல் ஓடும், அதை ஜனங்கள் பால்பாறை என்பார்கள். நிழல் பக்கத்தில் மஞ்சளும் பச்சையுமாகப் பாசி பூத்திருக்கும். குவாரி வெட்டி விட்டுப்போன இடத்தில் மலையின் உள்ளே இருந்த சதை மாதிரிச் செக்கச்செவேல் என்று ஒரு சுவர். எந்த நிறத்துக் கல் வழுக்கும், எது பிடிக்கும் என்று என் பாதத்துக்குப் பழகிவிட்டது. கறுப்புக் கோட்டில் ஈரம் இருந்தால் கால் வைக்கக் கூடாது. வெள்ளையில் நம்பி வைக்கலாம்.

மூன்று வருஷம் இப்படி ஓடியபின், கொடைக்கானல் பக்கம் பைன் காட்டுக்குள் ஒரு ஓட்டப் பந்தயம் என்று சேதி வந்தது. இருபத்தொரு கிலோமீட்டர், பெரும்பாலும் மரங்களுக்கு நடுவிலேயே. கணவருடைய அலுவலகத்திலும் ஒரு கூட்டமாகக் கிளம்பினார்கள். உடல்நலம், ஒற்றுமை என்று மேனேஜர் ஏதோ பேசினாராம். நாங்கள் இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம்.

நான் பைன் காட்டைப் பார்த்ததே இல்லை. மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கொடைக்கானல் என்றால் கல்யாணமான புதிதில் ஏரிக்கரையில் எடுத்த இரண்டு போட்டோதான். பைன் ஊசி இலை கீழே மெத்தை மாதிரிக் கிடக்கும், இறக்கத்தில் சர்ரென்று இழுத்துவிடும் என்று பல் டாக்டர் சொன்னார். அதற்காக நான் யூகலிப்டஸ் தோப்பு ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் காய்ந்த சருகில் இறங்கிப் பழகினேன். எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கு இல்லை. முழங்கையில் சிராய்ப்போடு வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் "மிஸ், சார் அடிச்சாரா?" என்று கேட்கும். இரவில் படுத்தால் அந்தக் காட்டுக்குள் ஓடுவதுபோலவே இருக்கும். வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட இல்லை, அது வீட்டில் பார்த்துச் செய்தது.

பந்தயம் காலாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை கணவர் சொன்னார்: "லீவுதான, சும்மா வீட்டுல என்ன பண்ணப் போற? பாப்பாவைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போ. அம்மாவுக்கு ஒத்தாசையா இரு. நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரெடுத்துட்டு வாரேன். பாப்பாவை அங்க விட்டுட்டு நம்ம அப்படியே வத்தலக்குண்டு வழியாப் போயிருவோம்."

அவர் ஊர் மதுரைக்கு மேற்கே, மலையடிவாரத்தில். மலைக்குப் போகிற வழிதான். பத்து வயது மகளைப் பாட்டி வீட்டில் விட்டுப் போவதும் சௌகரியம். யோசித்துப் பேசுகிறாரே என்று எனக்கு அவர் மேல் பிரியமாகக்கூட இருந்தது. ஓட்டத்துக்கான ஷூ, ஸ்வெட்டர், கால்வலிக்குத் தடவுகிற களிம்பு எல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊருக்குள் இறங்கியதுமே வேப்பிலைத் தோரணம் கண்ணில் பட்டது. ரேடியோ செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் வாசலைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியாத்தா! எங்க நேரத்துக்கு வராமப் போயிருவியோன்னு பாத்தேன். பொழுது சாய காப்புக் கட்டு" என்றார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் புரட்டாசியில் அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அதற்கு எட்டு நாள் முன்னால் பூசாரி கையிலும் அம்மன் கையிலும் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டுகிற நேரத்தில் ஊருக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லாரும் பொங்கல் முடிகிறவரைக்கும் அம்மனுக்குக் கட்டுப்பட்டவர்கள். வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலிலும் எல்லை தாண்டக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது, ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது. காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் கிடையாது. அவர்கள் இஷ்டம்போல வரலாம், போகலாம்.

இது எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. காப்புக் கட்டு அதற்கு அடுத்த வாரம்தான் என்று கணவர் சொல்லியிருந்தார், நான் நம்பியிருந்தேன். இன்னும் மணி நாலரைதான், இப்போதே பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடலாமா என்று நினைத்தேன். மாமியார் என் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். காப்புக்கு வந்துவிட்டுக் கட்டுவதற்கு முன்னால் திரும்பிப் போகிற மருமகளைப் பற்றி அந்த ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். அதோடு, மகளைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் முளைப்பாரி போடுகிற சட்டிகளைக் காட்டுவதற்கு ஏற்கனவே அழைத்துப் போயிருந்தார்கள். அவளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கொட்டுச் சத்தம் கேட்டுவிட்டது.

போன் பண்ணினேன். "அய்யய்யோ, கட்டிட்டாங்களா?" என்றார். "அடுத்த வாரம்னுல்ல நெனச்சேன்."

"இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது... சாமி விஷயம். அதை மீற முடியுமா?" பிறகு, "ஆபீஸ்ல எல்லாரும் ரூம் போட்டாச்சு. நானாவது போயிட்டு வாரேன். ஒனக்கும் சேத்து ஓடிட்டு வாரேன்" என்றார்.

எனக்கும் சேர்த்து ஓடுவாராம். எனக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறேன் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பட்டென்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் கொழுந்தன் கோயிலுக்கு ஓலைப் பந்தல் போட்டுவிட்டுச் சாப்பிட வந்தார். தாளிக்காத குழம்பைப் பிசைந்துகொண்டே, "ஏன் மதினி மொகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் விகல்பம் இல்லாமல் சொன்னார்: "ஊர்ல தண்டோராப் போட்டுப் பொங்கல் சாட்டுன அன்னைக்கே அண்ணனுக்கு நான் போன் பண்ணிட்டேனே. செவ்வாக்கெழமை காப்புன்னு ரெண்டு தடவை சொன்னேன். சரிடா, ஒம் மதினியை அனுப்புறேன்னாரே."

அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன். மறந்திருப்பார் என்று ஒரு மனசு சொன்னது. கேஸ் சிலிண்டர் நம்பரைக்கூட மறக்காத மனிதர் இதை எப்படி மறப்பார் என்று இன்னொரு மனசு சொன்னது. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும், வந்த பதிலோடு ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும். அதனால் கேட்காமல் வைத்திருந்தேன்.

எல்லையை மீறிப் போயிருக்கலாமே என்று பள்ளியில் ஒரு டீச்சர் என்னிடம் பிறகு கேட்டார். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம். நான் போன பிறகு ஊரில் யார் வீட்டுக் குழந்தைக்காவது காய்ச்சல் வந்தால் அது என் தலையில்தான் விடியும். என் மகளுக்கே வந்தால் நானே என்னை விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும்போதே எழுந்துவிட்டேன். இந்நேரம் மேலே எல்லாரும் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு. எனக்கு வீட்டில் நிற்க முடியவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினேன். ஷூ பையிலேயே கிடந்தது, செருப்புக்கு ஆகாத இடத்தில் ஷூவுக்கு மட்டும் ஆகுமா?

ஊருக்குப் பின்னால் கண்மாய்க் கரை. அதைத் தாண்டினால் மலை, நாகமலையைப் போலவே பால்பாறையும் பழைய குவாரியும் உள்ள மலை. மலையின் உச்சி வரப்பில் ஒரு எல்லைக்கல் நட்டிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் வேறு ஊர். கரையில் ஓடி, பாறையில் ஏறி, பால்பாறைப் பட்டை வழியாக எல்லைக்கல் வரைக்கும் போய், குவாரிப் பள்ளத்தை ஒட்டி இறங்கி, திரும்பக் கரைக்கு. அது ஒரு சுற்று. இருபத்தொரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று வரும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டேன், கணக்கு டீச்சர் அல்லவா? எல்லைக்குள்ளேயே ஓடி முடிப்பது என்று முடிவு பண்ணினேன்.

முதல் இரண்டு சுற்று குளிர்ச்சியாக இருந்தது. கல் இரவு ஈரத்தில் இருந்தது, வெறும் பாதத்துக்கு ஷூவைவிட நன்றாகப் பிடித்தது. வெயில் ஏற ஏறத்தான் வேறு கதை. இளஞ்சிவப்புக் கல் சுட ஆரம்பித்தது. வெள்ளைக்கல் பட்டையில் மட்டும் சூடு குறைவு, அதிலேயே கால் மாற்றி மாற்றிப் போனேன். கருவேல முள் ஒன்று குதிகாலில் ஏறியது. உட்கார்ந்து பிடுங்கினேன், திரும்ப ஓடினேன். எல்லைக்கல்லைத் தொடும்போதெல்லாம் அதற்கு அப்பால் போகிற பாதை தெரியும். ஒரே எட்டு. அந்த எட்டை வைக்காமல் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அவரை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. அம்மனைப் பார்த்துக் கையெடுக்கத் தோன்றவில்லை. அங்கே அந்த மனிதர் சருகில் வழுக்கி விழட்டும் என்று நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன்.

ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு பெண் முதலில் பார்த்தாள். அவள் போய்ச் சொல்லியிருப்பாள். நான் அடுத்த முறை கரைக்கு இறங்கியபோது ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்கடுத்த முறை இன்னும் அதிகம். டீச்சருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. மாமியார் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வேகமாக வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏத்தா, எதுக்கு இந்த ஓட்டம் ஓடுற?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அங்க ஓட வேண்டியதை இங்க ஓடுறேன்."

என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தணித்தார். "சும்மா ஓடுறேன்னு வாயத் தொறந்து சொல்லிறாத. காப்புக்குள்ள இப்பிடி ஓடுனா வேற மாதிரி பேசிருவாய்ங்க. பேசாம இரு" என்று சொல்லி, நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "எம் மகன் மலையில பந்தயத்துல ஓடுறான்ல, அவன் நல்லபடியா முடிச்சு வரணும்னு வேண்டிக்கிட்டு இவ வெறுங்கால்ல ஓடுறா!"

அவ்வளவுதான். கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. யாரோ குலவை போட்டார்கள். ஒருத்தி வீட்டுக்கு ஓடி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்து என் காலில் ஊற்றினாள். கொட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்த சுற்றுகளை நான் கொட்டுச் சத்தத்தோடு ஓடினேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் வேண்டுதல் பாதியில் நின்றதாகிவிடும். ஆரம்பித்தது என் ஓட்டம், முடித்தது அவருக்கான ஓட்டம். இடையில் எந்த இடத்தில் கை மாறியது என்று பார்த்தால், மாமியார் என் மானத்தைக் காப்பாற்றிய அந்த இடத்தில்தான். அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை கணவர் வந்தார், மெடலோடு. நடுவாந்தரமாக எங்கேயோ முடித்திருந்தார், முடித்த எல்லாருக்கும் மெடல் உண்டு. காரிலிருந்து இறங்கியதுமே ஊர் அவரைப் பிடித்துக்கொண்டது. பூசாரி அந்த மெடலை வாங்கி அம்மன் காலடியில் வைத்துத் திருநீறு போட்டுக் கொடுத்தார். வேண்டுதல் பலித்துவிட்டது என்றார்கள். கணவர் என் காலைப் பார்த்தார். இரண்டு பாதமும் கொப்புளம் உடைந்து, மஞ்சள் பத்துப் போட்டிருந்தது.

"எனக்காகவா?" என்று கேட்டார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது.

மாமியார் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. ஆட்டாததைக் கணவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். மேனேஜரின் மனைவி என்னை ஒரு கல்யாண வீட்டில் பார்த்து, "இந்தக் காலத்துலயும் இப்படி ஒருத்தியா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

வேண்டுதல் என்றால் தொடர்ந்து மூன்று வருஷம் செய்ய வேண்டும். இது அந்த ஊர் வழக்கம், தீச்சட்டி எடுத்தாலும் சரி, முடி இறக்கினாலும் சரி. ஓட்டத்துக்கும் அதுதான் என்று பூசாரி சொல்லிவிட்டார். பந்தயமும் பொங்கலும் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. இரண்டாம் வருஷம் கணவர் தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்: "நீ ஊர்ல ஓடணும்ல. எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்க."

எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மைக்கில் அறிவித்தார்கள். இன்னாரின் மனைவி, கணவர் நலம் வேண்டி, வெறுங்காலில் மலை சுற்றி ஓட்டம். பாதையில் முள் பொறுக்கி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் கரையில் என் கூடவே கொஞ்ச தூரம் ஒரு பெண் ஓடி வந்தாள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தாலிக் கயிற்றில் மஞ்சள் போகவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நன்றாகவே ஓடினாள். பாறை ஏறுகிற இடத்தில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "எனக்கும் உங்களை மாதிரி ஓடணும்னு ஆசையா இருக்கு மதினி. எதுக்குன்னு வேண்டிக்கிறதுன்னுதான் தெரியல" என்றாள். எதற்கும் வேண்டிக்கொள்ளாமல் ஓடலாம் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். கொட்டு பின்னால் நெருங்கி வந்தது, நான் ஏறிப் போய்விட்டேன். மூன்றாம் வருஷம் அவள் கைக்குழந்தையோடு நின்று என் காலில் தண்ணீர் ஊற்றினாள்.

மூன்று வருஷமும் முடிந்தது. அவரிடம் மூன்று மெடல். வீட்டு ஹாலில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.

இந்த மே மாதம் குடும்பத்தோடு ஒரு வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். மாமியார், கொழுந்தன் குடும்பம், நாங்கள் மூவர். பைன் காட்டுக்கும் கூட்டிப் போனார்கள். வாசலில் மக்காச்சோளம், குதிரைச் சவாரி, போட்டோவுக்குத் தொப்பி வாடகைக்கு. உள்ளே மரங்கள் நெட்டுக்குத்தாக நின்றன, ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்த மாதிரிதான். என் கணவர்தான் வழிகாட்டி. "இந்தா, இந்த ஏத்தத்துலதான் போன வருஷம் நான் ரெண்டு பேரை முந்துனேன். இந்த எடத்துல எனக்குக் கால் பிடிச்சிருச்சு, இருந்தாலும் விடல" என்று தம்பிக்குக் காட்டிக்கொண்டு வந்தார். கொழுந்தன் மனைவி என்னிடம், "நீங்க வேண்டிக்கிட்டதுனாலதான்" என்றாள்.

நான் அவர்களை விட்டு மேட்டுப் பக்கம் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கால் தானாக ஓட ஆரம்பித்தது. சாதாரண கான்வாஸ் ஷூதான் போட்டிருந்தேன். சருகு மெத்தென்று அமுங்கியது, யூகலிப்டஸ் தோப்பில் பழகியது வீண் போகவில்லை. சோளக்காரர்களின் சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. என் மூச்சு மட்டும் கேட்டது. நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பின்னாலிருந்து "ஏய், எங்க போற? நில்லு, நானும் வாரேன்" என்று அவர் கத்தினார். நான் வேகத்தைக் கூட்டினேன்.

வனத்துறை வேலி வந்தபின்தான் நின்றேன். அவர் வந்து சேர வெகுநேரம் ஆனது. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இரைத்தார். பேச முடியாத நிலையில் இருந்தார். கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது.

"காப்புக் கட்டு என்னைக்குன்னு தெரிஞ்சுதான என்னைப் பஸ் ஏத்தி விட்டீங்க?"

எந்தக் காப்பு என்று அவர் கேட்கவில்லை. சருகின் மேல் உட்கார்ந்தார். மறுப்பார், கோபப்படுவார், தம்பி மேல் பழி போடுவார் என்றெல்லாம் எதிர்பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன்.

"தெரியும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆபீஸ்ல அம்புட்டுப் பேரும் வந்திருந்தாங்க. மேனேஜர் குடும்பத்தோட வந்து முடிக்கிற எடத்துல நின்னாரு. நீ முன்னாடி வந்து நின்னு, நான் அரைமணி நேரம் கழிச்சு வந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கும் நியாயமாகப் படும் என்பது போலச் சொன்னார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா ஒங்க பின்னாலேயே ஓடி வந்திருப்பேனே" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. குத்திக்காட்டுவதற்காக நான் அதைச் சொல்லவில்லை, அத்தனையும் நிஜம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இந்தக் காடு முழுக்க அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓடி, அவர் முடித்த பிறகு முடித்து, மேனேஜர் முன்னால் கையும் தட்டியிருப்பேன். அதற்குக்கூட நான் தயாராக இருந்திருப்பேன் என்று நினைக்க நினைக்க எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிட என் மேல்தான் அதிகம் வந்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அழுவது அவர் கண்ணில் பட்டதா என்று தெரியவில்லை. முகத்தில் பெரிய பாரம் இறங்கிய நிம்மதி.

"இம்புட்டுத்தானா? இது எனக்குத் தோணாமப் போச்சே" என்றார். எழுந்து பேண்ட்டில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டார். "அப்ப இந்த வருஷம் ஒனக்கும் சேத்துப் பேரு குடுத்துர்றேன்."